நட்ட பிறகுதான் செலவு: சிங்கப்பூரின் மண்ணின் மரங்களும் நிறுவனங்களின் பணமும்

சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் மரம் நட ஆசைப்பட்டால் முதல் கேள்வி நிலம்தான். தமிழ்நாட்டில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி தன் ஊர் ஏரிக்கரையில் பனை விதை ஊன்ற நினைத்தால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்துவிடலாம். இங்கே தீவு முழுவதையும் சேர்த்தாலே ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர்தான். அதிலும் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு அரசு நிலம். சாலையோரம், பூங்கா, இயற்கை வனப்பகுதி ஆகியவை பெரும்பாலும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. கடை வாசலில் ஒரு தொட்டி வைக்கலாம். அதைத் தாண்டி மண்ணில் கை வைக்க அனுமதி வேண்டும்.

அதனால் இங்குள்ள வணிகங்கள் மரத்துக்குத் தரக்கூடியவை இரண்டுதான்: பணம், ஊழியர்களின் நேரம். எந்த மரம், எந்த இடம், எந்த மாதம் என்பதையெல்லாம் கழகத்தின் வல்லுநர்கள் முடிவு செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆர்வக்கோளாறில் தவறான மரத்தைத் தவறான இடத்தில் வைத்துவிடும் ஆபத்து இதில் இல்லை. ஆனால் இதே ஏற்பாட்டால் ஒரு பழக்கமும் வந்துவிட்டது. காசோலை கொடுத்து, ஒரு காலைப் பொழுதில் கன்று நட்டு, குழுப்படம் எடுத்தால் வேலை முடிந்தது என்று பல நிறுவனங்கள் நினைத்துவிடுகின்றன. மண்ணின் மரங்களை, அதாவது இந்தத் தீவில் இயற்கையாகவே தோன்றி வளர்ந்த மரங்களைப் பொறுத்தவரை உண்மையான வேலையில் பெரும்பகுதி அந்தக் காலைப் பொழுதுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. நிறுவனங்களின் ஆதரவும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பணம் போகும் வழி. கழகத்தின் அறப்பணி அமைப்பாக கார்டன் சிட்டி ஃபண்ட் என்ற நிதி 2002-இல் தொடங்கப்பட்டது. 2007 முதல் இதன்கீழ் ‘மரம் நடுவோம்’ திட்டம் நடக்கிறது. தனி ஆளோ நிறுவனமோ மரம் ஒன்றுக்கு 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நன்கொடை தந்து, குறித்த நாளில் போய்த் தங்கள் கையாலேயே நட்டுவிட்டு வரலாம். இது பொது நல அமைப்பு என்ற தகுதி பெற்ற நிதி என்பதால் வரிச் சலுகை உண்டு. நன்கொடையைப்போல இரண்டரை மடங்கு தொகையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2023 வரவுசெலவுத் திட்டம் இந்தச் சலுகையை 2026 டிசம்பர் இறுதிவரை நீட்டித்தது. நிறுவன வரி 17 விழுக்காடு. அப்படியானால் 300 வெள்ளி கொடுத்தவருக்கு 750 வெள்ளி கழிவு கிடைக்கும். வரியில் 127 வெள்ளி 50 காசு மிச்சமாகும். கையை விட்டுப் போவது 172 வெள்ளி 50 காசு. இந்தக் கணக்கு தெரிந்த சிறு கடைக்காரர்கள் நம்மிடையே குறைவு என்று நினைக்கிறேன். இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை என்று ஒதுங்கிக்கொள்பவர்களுக்காகவே எழுதி வைக்கிறேன்.

சரி, மரம் என்றால் மரம்தானே, மண்ணின் மரம் என்று ஏன் பிரித்துப் பேச வேண்டும்?

இதற்கு 200 ஆண்டுக் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் காட்டை அழித்த பயிர்களில் முதலிடம் காம்பியர் என்ற செடிக்கும் மிளகுக்கும். காம்பியர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுக்க விறகு மலைமலையாக வேண்டும். தோட்டத்தைச் சுற்றியிருந்த காடு அடுப்புக்குப் போனது. ஏறக்குறைய 15, 20 ஆண்டுகளில் மண் சத்திழந்ததும் தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். 1883-இல் பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த நத்தானியேல் கேன்ட்லி காடுகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதியபோது, தீவில் எஞ்சியிருந்த காடு சுமார் 7 விழுக்காடு. அடுத்து வந்தது ரப்பர். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் பூமலைக்கு வந்து சேர்ந்தன. பின்னர் பூமலையின் இயக்குநரான ஹென்றி ரிட்லி மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். அதன்பின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டம் தோட்டமாக ரப்பர் எழும்பியது. அந்தத் தோட்டங்களில் காலைக் குளிரில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். இந்த நாட்டில் காடு போன கதையும் நம் பாட்டன் பூட்டன் வந்த கதையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டவை. இங்கே காட்டைத் திரும்பக் கொண்டுவரும் பணியில் தமிழ் வணிகர்களுக்கு உறவு உண்டு என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு நகரம் பசுமையான காலம். 1963 ஜூன் 16-இல் ஃபேரர் சர்க்கஸில் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரத்தை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் மெம்பாட் இந்த மண்ணின் மரம். 1971 நவம்பரில் முதல் மரம் நடும் நாள் வந்தது. மழைக்காலம் தொடங்கும் நேரம் என்பதால்தான் நவம்பர்; தண்ணீர் ஊற்றும் செலவு குறையும். அன்று மவுண்ட் ஃபேபர் உச்சியில் அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ நட்டது மழை மரம், அதாவது நம் ஊரில் தூங்குமூஞ்சி மரம் என்கிறோமே, அது. அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப மண்டலம். சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் வழியெல்லாம் குடை விரித்து நிற்பதும் அதுவே. விரைவாக நிழல் தேவைப்பட்ட நாட்டுக்கு விரைவாக வளரும் மரங்கள் கிடைத்தன. அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாலைக்கு அவை நல்ல மரங்கள்.

ஆனால் சாலையின் தேவை வேறு, காட்டின் தேவை வேறு. சாலைக்கு நிழல் போதும். காட்டுக்குப் பூச்சி வேண்டும், பறவை வேண்டும், விதையைத் தூக்கிப் போகும் வௌவால் வேண்டும். இவை ஒவ்வொன்றும் தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட சில மரங்களோடு மட்டுமே பழகியவை. அத்தி இனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கென்றே உள்ள சின்னஞ்சிறு குளவிதான் மகரந்தம் சேர்க்கிறது. குளவி இல்லாத இடத்தில் அந்த மரம் வளரும், முளைக்கும் விதை தராது. இங்கு வாழும் பேர்ட்விங் வண்ணத்துப்பூச்சியின் புழு ஈசுரமூலி இனத்துக் கொடியின் இலையைத் தின்றே வளர்கிறது. பக்கத்தில் எத்தனை செடிகள் செழித்து நின்றாலும் அதற்குப் பயனில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தத் தீவிலிருந்து காணாமல்போன கருப்பு வெள்ளை இருவாச்சி, 1994-இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. கூட்டுப் பெட்டிகள் வைத்துப் பெருக்கியதில் இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டுச் சன்னல் விளிம்பிலும் வந்து உட்காருகிறது. அதற்குக் கூடு வைக்கப் பொந்துள்ள பெரிய மரமும், தின்ன அத்திப் பழமும் வேண்டும். பெட்டி செய்துகொடுக்க மனிதரால் முடியும். அத்தி பழுப்பதற்கு மரம் நின்றால்தான் உண்டு.

இன்று சிங்கப்பூரில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு அல்ல. கைவிடப்பட்ட ரப்பர் தோட்டங்களிலும் கிராமங்கள் காலியான இடங்களிலும் தானாக எழும்பிய மரக்கூட்டங்கள் நிறைய. அவற்றில் ஓங்கி நிற்பது பெரும்பாலும் அல்பீசியா. வெளியூர் மரமான இது மளமளவென்று வளரும். புயற்காற்றில் கிளை முறிந்தும் விழும். காம்பியரால் சத்துப் போன இடங்களில் தியூப்-தியூப் என்கிற சிறு மரம்தான் துணிந்து முளைத்திருக்கிறது. அது இந்த மண்ணின் மரம், ஏழை மண்ணிலும் பிழைக்கத் தெரிந்தது. இப்படிப்பட்ட இடங்களைப் பழைய காட்டின் சாயலுக்குக் கொண்டுவரத்தான் 2019-இல் கழகம் காடு மீட்புச் செயல்திட்டத்தைத் தொடங்கியது: பத்தாண்டுகளில் இயற்கை வனப்பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய இயற்கைப் பூங்காக்களிலும் 250,000 உள்ளூர் மரங்கள், புதர்ச்செடிகள். அடுத்த ஆண்டு, 2020-இல், தீவு முழுவதும் ஒரு மில்லியன் மரங்கள் என்ற பெரிய இயக்கம் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களின் நன்கொடையில் ஒரு பகுதி இந்த இரண்டுக்கும் போகிறது.

எந்தெந்த மரங்கள்? இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி இருக்கிறது. சிங்கப்பூரின் கடலோர மரங்களில் பல நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. புன்னை இங்கே பெனாகா லாவுட். ஊரில் வாதாங்கொட்டை பொறுக்கினோமே, அந்த நாட்டு வாதுமை இங்கே கெத்தாபாங். இலை சிவந்து உதிர்வதை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்க்கலாம். பூவரசு, நுணா, தாழை மூன்றும் இந்தக் கரையின் சொந்தங்கள். கடலில் மிதந்து பரவக்கூடிய விதை கொண்ட மரங்கள் வங்கக் கடலின் இருபுறமும் வேர் பிடித்ததில் வியப்பில்லை. அதே நேரம், நாம் பாசத்தோடு நினைக்கும் வேம்பு, அரசு, சரக்கொன்றை, நாகலிங்கம் ஆகியவை இந்தத் தீவின் மண்ணில் பிறந்தவை அல்ல. கோயில் வளாகத்திலும் வீட்டருகிலும் அவற்றுக்கு இடம் உண்டு. காட்டோரத்தில் நடுவதற்குக் கேட்கக் கூடாது. அரச மரம் குருவி எச்சத்தில் பரவிக் கட்டடச் சுவரிலும் முளைக்கிறது என்பது பழைய கடைவீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

உள்நாட்டுக் காட்டு மரங்கள் நமக்குப் புதியவை. ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு பலருக்குப் பழக்கம். பூமலையில் நிற்கும் அந்த மரம் 1859-இல் தோட்டம் உருவாவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. சிம்போ ஆயரின் மஞ்சள் பூவும் அகல இலையும் சாலையோரக் காட்டில் கண்ணில் படும். ஒரு காலத்தில் அந்த இலையில்தான் தெம்பே, ரோஜாக் ஆகிய உணவுகளை மடித்துக் கொடுத்தார்கள். இவற்றுக்கு மேலே, காட்டின் கூரையாக நிற்பவை செராயா, கெரூயிங், மெராந்தி போன்ற டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். புக்கிட் தீமா மலையில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவைக்கும் மரங்கள் இவைதான்.

நிறுவன ஆதரவு எங்கே தேவைப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் குடும்பத்தின் பழக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, வானிலை ஒத்துவரும்போது, காட்டில் பல மரங்கள் சேர்ந்து ஒரே சமயத்தில் பூத்துக் காய்க்கின்றன. இறக்கை முளைத்த காய்கள் சுழன்று சுழன்று விழும். அப்போது பொறுக்கினால்தான் உண்டு. விட்டால் மறுபடி எத்தனை ஆண்டு என்று யாரும் சொல்ல முடியாது. சரி, பொறுக்கி வைத்துக்கொள்ளலாமே என்றால், நெல்லைப்போலக் காயவைத்துச் சேமிக்க இந்த விதை இடம் கொடுக்காது. ஈரம் போனால் உயிர் போகும். சில வாரங்களுக்குள் முளைக்கவைத்தாக வேண்டும். முளைத்த கன்றை நாற்றங்காலில் நிழலில் வைத்து ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். அதை நேரே வெட்டவெளியில் நட்டால் வெயிலில் கருகிவிடும். முதலில் வேகமாக வளரும் உள்ளூர் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கி, பிறகு அந்த நிழலில் இவற்றை நட வேண்டும்.

இப்போது ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வரவுசெலவு 12 மாதத்துக்கு. சமூகப் பொறுப்புக்கான தொகை நிதியாண்டு முடிவதற்குள் செலவாக வேண்டும். ஆண்டறிக்கையில் போட ஓர் எண்ணிக்கை வேண்டும்: இத்தனை மரம் நட்டோம். விதை விழும் ஆண்டும் நிறுவனம் பணம் ஒதுக்கும் ஆண்டும் ஒத்துப்போவது அபூர்வம். காய்ப்பு வந்த ஆண்டில் விதை பொறுக்க ஆள் அனுப்பவும், கூடுதல் நாற்றங்கால் மேடை போடவும், இரவு பகலாகத் தண்ணீர் பார்க்கவும் செலவாகும் பணத்தை எந்த எண்ணிக்கையிலும் அடக்க முடியாது. மூன்று ஆண்டுகள் கழித்து யாரோ நடப்போகும் கன்றுக்கான பணம் அது. அதைக் கொடுக்க முன்வரும் நிறுவனத்தை நான் பத்து மடங்கு மதிப்பேன்.

நடும் நாளை அருகில் போய்ப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தன்னார்வலர்கள் காலையில் வந்து சேரும்போது குழிகள் தயாராக இருக்கின்றன. அதை முந்தைய நாட்களில் தோண்டி வைத்தவர்கள் ஒப்பந்தத் தோட்டவேலை நிறுவனங்களின் ஊழியர்கள். அவர்களில் நிறையப் பேர் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் பங்ளாதேஷ்காரர்கள். குழிக்கு அருகே கறுப்புப் பையில் முழங்கால் உயரக் கன்று, பக்கத்தில் மட்கிய இலைக்குவியல், ஒரு மண்வெட்டி. பையைக் கத்தியால் கீறி உரிக்கும்போது வேரைப் பிடித்திருக்கும் மண்கட்டி உடையக் கூடாது. கன்றைக் குழியில் இறக்கும்போது தண்டின் அடி நிலமட்டத்தோடு நிற்க வேண்டும். ஆழத்தில் புதைத்தால் தண்டு அழுகும். மண்ணைத் தள்ளி உள்ளங்கையால் அழுத்தி, மேலே இலைக்கூளம் பரப்பும்போது தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். புதிதாக நடுபவர்கள் பாசத்தில் கூளத்தைத் தண்டோடு அணைத்துக் குவித்துவிடுவார்கள். அவர்கள் போன பிறகு அந்த ஊழியர்கள் ஒவ்வொரு கன்றாகப் போய் அதை விலக்கிவிடுவார்கள். கடைசியில் தண்ணீர். மொத்தமும் ஒரு கன்றுக்குப் பத்து, பதினைந்து நிமிட வேலை.

அதன்பின் தொடங்குவதுதான் நீண்ட வேலை. பொதுவாக முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் கன்றுக்கு எதிரி களையும் கொடியும். மரத்தலைகள் ஒன்றோடொன்று தொட்டு நிழல் மூடும்வரை புல்லும் கொடியும் அடங்காது. இங்குள்ள காட்டோரங்களில் மிக மோசமான ஒன்று சான்சிபார் வள்ளிக்கொடி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இதய வடிவ இலைகளோடு மரத்தின் மேல் ஏறி, உச்சியை முழுதாகப் போர்த்தி, வெளிச்சத்தை மறைத்துக் கீழிருக்கும் மரத்தை மெல்லச் சாகடிக்கிறது. தண்டில் உருளைக்கிழங்கு போலக் காய் காயாகத் தொங்கும். ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் புதுக்கொடி. கொடியை அறுத்தால் மட்டும் போதாது. தரையில் குனிந்து அந்தக் கிழங்குக் காய்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அடுத்த பருவத்தில் திரும்பி வந்து மறுபடி பார்க்க வேண்டும். மேடை கிடையாது, பதாகை கிடையாது. முதுகு வலிக்கும், கொசு கடிக்கும். நட்ட கன்று மரமாவதும் மண்ணாவதும் இந்த வேலையைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் களையெடுப்பு எத்தனை சுற்று என்று எழுதியிருக்கிறதோ அத்தனை சுற்றுக்குத்தான் ஆள் வரும். கூடுதல் சுற்றுக்குப் பணம் வேண்டும், அல்லது தன்னார்வலர் வேண்டும்.

இதையெல்லாம் உணர்ந்து நீண்ட காலத்துக்குக் கைகொடுத்த நிறுவனங்களும் இருக்கின்றன. பூமலையில் 2017-இல் திறக்கப்பட்ட கற்றல் காட்டில் கெப்பல் நிறுவனம் 2.08 மில்லியன் வெள்ளி தந்து சதுப்புநிலக் காடு ஒன்றை மீட்டெடுக்க உதவியது. அதே பகுதியில் செம்ப்கார்ப் பெயரில், இந்த வட்டாரத்தின் மிக உயரமான மர இனங்களைச் சேர்த்து வளர்க்கும் ஒரு தோப்பு இருக்கிறது. 2021-இல் திறந்த பூமலையின் கேலப் விரிவாக்கப் பகுதியில் ஓசிபிசி வங்கியின் ஆதரவில் டிப்டெரோகார்ப் மரங்களுக்கென்றே ஒரு மரத்தொகுப்பு உருவானது. நிறுவனத்தின் பெயர் பலகையில் இருக்கிறது என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. பெயர் ஓர் இடத்தோடு சேர்ந்துவிட்டால் அந்த இடம் வாடும்போது நிறுவனத்துக்கும் தலைகுனிவு. அந்தப் பிணைப்பு மரங்களுக்கு நல்லது.

வேறு சில நிறுவனங்கள் மரத்தைக் கரிமக் கணக்கோடு சேர்த்துப் பேசுகின்றன. இங்கே கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது. வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோ கரியமில வாயுவை உள்வாங்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் தோராயம். ஒரு மில்லியன் மரமும் நன்கு வளர்ந்து நின்றால்கூட 20,000 டன். சிங்கப்பூர் ஓராண்டில் வெளியேற்றுவது 50 மில்லியன் டன்னுக்கும் மேல். இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. கரிம வரி 2026, 2027 ஆண்டுகளில் டன்னுக்கு 45 வெள்ளி; அந்தக் கணக்கில் ஒரு மரம் ஆண்டுக்கு மிச்சப்படுத்துவது 90 காசு. ஆகவே எங்கள் புகையை மரம் ஈடுகட்டிவிடும் என்று சொல்லி யாரும் இங்கே நடக் கூடாது. புகையைக் குறைக்க மின்சாரத்திலும் எரிபொருளிலும்தான் கை வைக்க வேண்டும்.

மரம் தருவது வேறு. வெயில் அதிகம் உறைக்கும் தொழிற்பேட்டைகளில் 2030-க்குள் 170,000 மரங்களைக் கூடுதலாக நடக் கழகம் திட்டமிட்டதற்குக் காரணம் அங்குள்ள சூடு. கிடங்கு வாசலில் பெட்டி இறக்கும் தொழிலாளிக்கு நிழலின் அருமை தெரியும். இருவாச்சிக்கு அத்தியும், வௌவாலுக்குத் தெம்புசுப் பழமும், துண்டு துண்டாகிப்போன காடுகளுக்கு இடையே ஒரு பாதையும் மரத்தால் கிடைப்பவை. புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே 2013-இல் கட்டிய 62 மீட்டர் நீளப் பசுமைப் பாலத்தில் மண் கொட்டி உள்ளூர் மரங்களை நட்டது இதற்காகத்தான். இரு பக்கக் காட்டு விலங்குகளும் சாலையில் அடிபடாமல் கடக்க வேண்டும். கரிமத் தராசில் இவற்றுக்கு எடை இல்லை. எனக்கு இவைதான் போதுமான காரணம்.

இனி நம் கடைகளுக்கு வருவோம். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், மளிகைக் கடை, பூக்கடை, நகைக்கடை, உணவகம் நடத்துபவர்களுக்கு ஒரு காலைப் பொழுது ஊழியர்களை அனுப்புவதே பெரிய விஷயம். சனி, ஞாயிறுதான் வியாபாரம். நடும் நிகழ்ச்சிகள் பலவும் அப்போதுதான் வரும். அதனால் தனித்தனியாக யோசிப்பதைவிடச் சேர்ந்து யோசிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். லிஷா எனப்படும் லிட்டில் இந்தியா வர்த்தகர்கள் மரபுடைமைச் சங்கமும், இந்திய வர்த்தக, தொழிற்சபையும் ஏற்கெனவே வணிகர்களை ஒன்றுசேர்த்து விழா ஒளியூட்டு முதல் பயிற்சி வகுப்புவரை நடத்திய அனுபவம் உள்ளவை. இருபது கடை சேர்ந்து ஆளுக்கு 300 வெள்ளி என்று மூன்று ஆண்டுக்குத் தருவதாகச் சொன்னால் 18,000 வெள்ளி. அதைக் கொண்டு கார்டன் சிட்டி ஃபண்ட்டிடம் போய், முதல் ஆண்டு நடுவதற்கு, அடுத்த இரண்டு ஆண்டும் அதே இடத்தைப் பராமரிப்பதற்கு என்று பேசிப் பார்க்கலாம். இடமும் கடலோரமாக இருந்தால் புன்னை, பூவரசு, நுணா நடக் கேட்கலாம். நம் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய மரங்கள்.

பணம் இல்லாத உதவிகளும் இருக்கின்றன. புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் வாடிக்கையாளர்களுக்கு நம் கடைகள் நாட்காட்டி கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் மாதத்துக்கு ஒன்றாகச் சிங்கப்பூரின் சொந்த மரங்களின் படத்தைப் போட்டு, மலாய்ப் பெயரும் தமிழ்ப் பெயரும் எழுதினால் 12 மரங்கள் வீட்டுச் சுவருக்கு வந்துவிடும். உணவகம் வைத்திருப்பவர் களையெடுக்கும் நாளில் தன்னார்வலர்களுக்கும், முக்கியமாகத் தோட்ட ஊழியர்களுக்கும், சுடச்சுடச் சாப்பாடு அனுப்பலாம். புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டம் இருந்தால் செண்டுடுக் புதரை வைக்கச் சொல்லலாம்; ஊதாப் பூ பூக்கும், பழத்துக்குக் குருவி வரும், தொட்டியிலும் தாக்குப்பிடிக்கும். பெரிய மரம் வைப்பதற்கு நகர மன்றத்தைக் கேட்டாக வேண்டும்.

ஊழியர்களை அனுப்பும் அளவுக்கு வசதியுள்ள நிறுவனங்கள் நடும் நாளைவிடக் களையெடுக்கும் நாளைக் கேட்டு வாங்குவது மேல். பொது நல அமைப்புகளில் ஊழியர் தொண்டாற்றும் நேரத்துச் சம்பளத்துக்கும் நிறுவனத் தொண்டூழியத் திட்டத்தின்கீழ் வரிக் கழிவு கிடைக்கிறது என்பதால் கணக்காளர் முகம் கோண வேண்டியதில்லை. கேட்கும்போது சில விவரங்களையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நாங்கள் நட்ட இடத்தில் அடுத்த ஆண்டு எத்தனை கன்று நிற்கிறது, எந்த இனம் அதிகம் பட்டுப்போனது, பட்டுப்போன இடத்தில் மறுநடவு உண்டா, களையெடுப்பு எத்தனை சுற்று. கழகத்தின் ட்ரீஸ் எஸ்ஜி இணைய வரைபடத்தில் 2018 முதல் அரை மில்லியன் நகர மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிகிறது. ஒரு சாலையோரத் தூங்குமூஞ்சியின் இருப்பிடத்தை மரத்தளவில் பதிந்து வைத்திருக்கும் நாட்டில், நன்கொடையாளர் தன் கன்றுகளின் கதியைக் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல. அந்தப் பதில் எண்களை ஆண்டறிக்கையில் ‘நட்டவை’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘மூன்று ஆண்டுக்குப் பின் நிற்பவை’ என்று இன்னொரு வரியாகப் போடலாம். முதலில் எந்த நிறுவனம் அப்படிப் போடுகிறதோ, அதன் கடையில் சாமான் வாங்க நான் வரிசையில் நிற்கத் தயார்.